ரூட் 66-இல் காரில் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் சிகாகோவிலிருந்து கலிபோர்னியாக் கடற்கரையில் இருக்கும் சாண்டா மோனிகா வரை இந்தச் சாலையை நான் இரண்டு முறை முழுவதுமாக ஓட்டியிருக்கிறேன். முதல் முறை ஒன்பது நாள், இரண்டாம் முறை பதினாறு நாள். அன்றிலிருந்து நண்பர்களும் உறவினர்களும், ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்துச் சுற்றிக்காட்ட நினைப்பவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதிக்கு மேல் ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, என் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். கட்டணங்களும் சாலை மூடல்களும் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் அவற்றை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. ரூட் 66 என்றால் என்ன? ஒரு சாலைக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

சிகாகோவையும் பசிபிக் கடற்கரையையும் இணைத்த பழைய நெடுஞ்சாலை அது. இல்லினாய், மிசூரி, கேன்சஸ், ஓக்லஹோமா, டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிபோர்னியா என்று எட்டு மாநிலங்களைக் கடக்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் நீளம் 2,448 மைல், அதாவது ஏறத்தாழ 3,940 கிலோமீட்டர். 1926 நவம்பர் 11 அன்று அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுக்கும் திட்டம் ஒப்புதல் பெற்றபோது பிறந்தது. எண் கொடுத்த குழுவில் இருந்த டல்சா நகரத்துக்காரர் சைரஸ் ஏவரி, சாலையைத் தன் ஊர் வழியாகவே கொண்டுவந்தார். அவர் விரும்பிய எண் 60. கென்டக்கி மாநிலம் அதை விட்டுக்கொடுக்க மறுத்ததால் 66-க்கு இசைந்தார்.

பேச்சுக்குக் காரணம் அதில் போன மக்கள். 1930-களில் புழுதிப் புயலாலும் கடனாலும் நிலத்தை இழந்த ஓக்லஹோமா, டெக்சஸ் விவசாயிகள், மெத்தையையும் பாத்திரங்களையும் காரின் மேல் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன வழி இது. 1936-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் மாநில எல்லைக்கே ஆள் அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. ‘தாய்ச்சாலை’ என்ற பெயரும் அந்த மக்களைப் பற்றி 1939-இல் வெளியான ஒரு நாவலிலிருந்து வந்ததுதான். போர் முடிந்ததும் அதே வழியில் குடும்பங்கள் விடுமுறைக்குப் போகத் தொடங்கின. நியான் விளக்கு மோட்டல்களும் சாலையோர வேடிக்கைகளும் பெருகியது அந்தக் காலத்தில்.

2. 1985-லேயே மூடிவிட்டார்கள் என்கிறார்களே, பிறகு எதில் ஓட்டுவது?

மூடவில்லை, எண்ணைத்தான் நீக்கினார்கள். 1956-இல் வந்த சட்டத்தின்படி, மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைகளான இன்டர்ஸ்டேட் சாலைகள் போடப்பட்டன. 55, 44, 40, 15, 10 ஆகிய ஐந்து இன்டர்ஸ்டேட்டுகள் துண்டு துண்டாக 66-இன் வேலையை எடுத்துக்கொண்டன. புதிய சாலை கடைசியாக ஒதுக்கிவிட்டுப் போன ஊர் அரிசோனாவின் வில்லியம்ஸ், 1984 அக்டோபர் 13 அன்று. அடுத்த ஆண்டு ஜூன் 27-இல் அந்த எண் பட்டியலிலிருந்தே போயிற்று. ஆனால் பழைய சாலையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இன்றும் ஓட்டக்கூடியது. சில இடங்களில் ஊரின் முதன்மைத் தெருவாக, சில இடங்களில் மாவட்டச் சாலையாக, சில இடங்களில் இன்டர்ஸ்டேட்டை ஒட்டிய பக்கச் சாலையாக இருக்கிறது. டெக்சஸிலும் நியூ மெக்சிகோவிலும் சில மைல்கள் இன்டர்ஸ்டேட் 40-க்கு அடியிலேயே புதைந்துவிட்டன. அங்கே இன்டர்ஸ்டேட்டில்தான் போயாக வேண்டும்.

மிச்சம் இருப்பதற்கு ஒரு முடிதிருத்துபவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அரிசோனாவின் செலிக்மன் ஊரில் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடியோ, 1978-இல் இன்டர்ஸ்டேட் திறந்த அன்று தன் ஊர்த் தெரு வெறிச்சோடியதைக் கண்ணால் பார்த்தவர். 1987-இல் ஊர்க்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கி, செலிக்மனிலிருந்து கிங்மன் வரையிலான பகுதியை வரலாற்றுச் சாலையாக மாநில அரசு அறிவிக்கும்படி செய்தார். மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துத் தொடர்ந்தன. இன்று வழியெங்கும் நாம் பார்க்கும் பழுப்பு நிறப் பலகைகளுக்கு ஆரம்பம் அந்தச் சிறிய ஊர்.

3. எத்தனை நாள் வேண்டும்? ஒரு வாரத்தில் முடிக்க முடியாதா?

முழுச் சாலைக்கு 14 முதல் 16 நாள் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 150 முதல் 200 மைல். கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால் பழைய சாலையில் பத்து மைலுக்கு ஓர் ஊர், ஒவ்வோர் ஊரிலும் வேகம் குறைப்பு, ஏதாவது ஒரு பழைய பெட்ரோல் நிலையத்தில் அரை மணி நேரம் என்று நாள் ஓடிவிடும்.

ஒரு வாரத்தில் சிகாகோவிலிருந்து கடல் வரை போகலாம், இன்டர்ஸ்டேட்டில். அப்படிப் போனால் 66-ஐப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. என் முதல் பயணத்தில் நியூ மெக்சிகோவின் டுகம்கேரி ஊரின் நியான் தெருவை இரவு ஒன்பது மணிக்கு நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு, முன்பதிவு செய்த அறைக்காக அதே மாநிலத்தின் ஆல்புகர்க்கி வரை ஓட்டினேன். அந்த ஊரின் அழகே இரவுதான். அங்கே தங்காமல் போனது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

4. எங்களுக்கு ஐந்து நாள்தான் கிடைக்கும். பாதியை மட்டும் பார்த்தால் போதுமா?

போதும். அவசரமாக முழுவதையும் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஐந்து நாள் என்றால் ஆல்புகர்க்கிக்கு விமானத்தில் போய், அங்கிருந்து சாண்டா மோனிகா வரை ஓட்டுங்கள். பாலைவனம், மலை, பழங்குடி ஊர்கள், கடல் எல்லாம் அந்தப் பாதியில் வந்துவிடும். சிகாகோவில் இருப்பவர்களுக்கு ஒரு நீண்ட வார இறுதி போதும்: பான்டியாக் ஊரின் ரூட் 66 அருங்காட்சியகம், ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் வாழ்ந்த வீடு, பிறகு செயின்ட் லூயிஸ்.

ஒரே ஒரு நாள்தான் என்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: செலிக்மனிலிருந்து கிங்மன், ஓட்மன் வழியாக டோபாக் வரை. ஏறத்தாழ 158 மைல், இடையறாத பழைய சாலை. லாஸ் வேகாஸுக்கு வந்திருப்பவர்கள்கூட விடியற்காலையில் கிளம்பினால் இதைப் பார்த்துவிடலாம்.

5. எந்த மாதம் போவது நல்லது?

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். பள்ளி விடுமுறைக்காக ஜூலையில்தான் வர முடியும் என்றால் வாருங்கள். ஆனால் மொஹாவி பாலைவனத்தில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதை மனத்தில் வையுங்கள். குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே பனி கொட்டும்.

வசந்த காலத்தில் ஓக்லஹோமாவிலும் அதைச் சுற்றியும் சூறாவளி வரும். கைபேசியில் ‘டொர்னேடோ வாட்ச்’ என்று வந்தால் சூறாவளி உருவாகும் வாய்ப்பு இருக்கிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். ‘டொர்னேடோ வார்னிங்’ என்று வந்தால் எங்கோ அருகில் கண்ணாலோ ரேடாரிலோ பார்த்துவிட்டார்கள், உடனே உறுதியான கட்டடத்துக்குள் போக வேண்டும் என்று பொருள். இந்த வேறுபாட்டைக் காரில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

6. சிகாகோவில் தொடங்குவதா, கலிபோர்னியாவில் தொடங்குவதா?

சிகாகோவில். வழிகாட்டிகள் பெரும்பாலும் மேற்கு நோக்கி எழுதப்பட்டவை. சோள வயல், புல்வெளி, மேட்டுநிலம், பாலைவனம், கடல் என்று நிலம் மாறிக்கொண்டே போவதையும் அந்த வரிசையில் பார்ப்பதுதான் நிறைவு. மாலையில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பது ஒன்றே குறை. நான்கு மணிக்கெல்லாம் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொண்டால் அந்தக் குறையும் இல்லை.

7. தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

சுற்றுலா விசாவில் வருபவர் தன் ஊர் உரிமத்தை வைத்து ஓட்டலாம்; ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கார் வாடகை நிறுவனத்துக்கும் தனி விதி இருக்கும். ஆகவே கிளம்பும் முன் ஊரில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அது ஓராண்டு செல்லும். அதை மட்டும் எடுத்து வந்தால் போதாது, மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். யார் யார் ஓட்டப்போகிறார்களோ அவர்கள் எல்லோர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம்.

8. சிகாகோவில் எடுத்த காரை லாஸ் ஏஞ்சலஸில் விடலாமா? பெரிய கார் வேண்டுமா?

விடலாம். வேறு ஊரில் திருப்பிக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு, சில நேரம் வாடகைக்கு இணையாகவே வரும். நிறுவனத்துக்கு நிறுவனம், வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் பல நாட்களுக்கு விலை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓட்டுபவருக்கு 25 வயது ஆகாவிட்டால் இன்னும் ஒரு கட்டணம். பெட்டிகளை நெருக்கி அடைக்காமல் வைக்க இடம் இருந்தால் சாதாரண காரே போதும். மண் சாலையில் ஓட்டப் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. டெக்சஸ் எல்லையில் கைவிடப்பட்ட கிளென்ரியோவிலிருந்து நியூ மெக்சிகோவின் சான் ஹோன் வரையிலான பழைய பாதை மண் பாதைதான். வாடகைக் காரில் அதை விட்டுவிட்டு இன்டர்ஸ்டேட்டில் போங்கள்.

9. பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும்? பம்பில் எங்கள் அட்டையை ஏற்பதில்லையே?

சுற்றுவழிகளையும் சேர்த்து 3,000 மைல் என்று வையுங்கள். காலனுக்கு 30 மைல் தரும் காருக்கு 100 காலன், அதாவது ஏறத்தாழ 380 லிட்டர். அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பம்பில் அட்டையைச் செருகியதும் ஐந்து இலக்க அஞ்சல் எண் கேட்கும். நம் ஆறு இலக்க எண் அதில் நுழையாது. மிசூரியில் ஒரு பம்பில் இதோடு கால் மணி நேரம் போராடினேன். வழி எளிது: கடைக்குள் போய், பம்ப் எண்ணைச் சொல்லி, இத்தனை டாலருக்கு என்று முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்து நிரப்பலாம். மிச்சம் இருந்தால் திருப்பித் தருவார்கள்.

10. வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமே இல்லை. பயமாக இருக்கிறது.

பயம் இரண்டு நாளில் போய்விடும். ஆனால் சிகாகோ நகர நெரிசலில் முதன்முதலாகப் பழகாதீர்கள். விமானம் இறங்கிய அன்று நன்றாகத் தூங்குங்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையாக அமைந்தால் மிகவும் நல்லது. ஊரைத் தாண்டிவிட்டால் பழைய 66 அமைதியான சாலை. பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

மூன்று விதிகளை மட்டும் மறக்க வேண்டாம். நான்கு பக்கமும் ‘ஸ்டாப்’ பலகை இருக்கும் சந்திப்பில் எல்லோரும் முழுமையாக நின்று, முதலில் வந்தவர் முதலில் போவார். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டு நின்றால் பின்னால் வருபவர் மட்டுமல்ல, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். போலீஸ் வண்டி பின்னால் விளக்கைப் போட்டால் வலது ஓரம் நிறுத்தி, காருக்குள்ளேயே, கைகளை ஸ்டீயரிங் மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி இறங்கி அவரிடம் நடந்து போகவே கூடாது.

11. கைபேசி வரைபடம் இருக்கிறதே, தனி வழிகாட்டி எதற்கு?

வரைபடச் செயலிகளுக்கு வேகமான வழிதான் தெரியும். அடுத்த ஊரைக் கொடுத்தால் உங்களை இன்டர்ஸ்டேட்டுக்கே இழுத்துக்கொண்டு போகும். திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் அச்சிட்ட வழிகாட்டிகள் விற்கின்றன. ஒன்று வாங்கி, பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்லட்டும். எங்கள் வண்டியில் அந்த வேலையை என் அத்தை எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் முதல் அவர் சொல்லாமல் நான் எங்கும் திரும்பியதில்லை. கிங்மன் பக்கமும் மொஹாவியிலும் நீண்ட தூரம் சிக்னல் கிடைக்காது. அந்தப் பகுதிகளின் வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கி வையுங்கள்.

12. பழைய மோட்டல்களில் குடும்பத்தோடு தங்கலாமா?

தேர்ந்தெடுத்துத் தங்கலாம். டுகம்கேரியின் ‘ப்ளூ ஸ்வாலோ’, அரிசோனாவின் ஹால்ப்ரூக்கில் கூம்புக் கூடார வடிவில் கான்கிரீட்டில் கட்டிய ‘விக்வாம்’, நியூ மெக்சிகோவின் காலப் ஊரில் 1937-இல் திறந்த ‘எல் ராஞ்சோ’ ஆகியவை நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. அறைகள் சிறியவை, சீக்கிரம் நிரம்பும். சில மாதங்கள் முன்பே பதியுங்கள். 2026 இச்சாலையின் நூற்றாண்டு என்பதால் கூட்டம் இன்னும் அதிகம். மற்ற ஊர்களில் பெயர் பெற்ற சங்கிலி விடுதிகளில் தங்கலாம். மூன்று இரவாவது பழைய மோட்டலில் இருங்கள்.

வரவேற்பு மேசையில் நம்மைப் போன்ற முகம் இருந்தால் வியக்க வேண்டாம். அமெரிக்க மோட்டல்களில் பெரும்பங்கை இந்திய வம்சாவளியினர், குறிப்பாகக் குஜராத்திக் குடும்பங்கள் நடத்துகின்றன. 1970-களிலும் 80-களிலும் போட்டியாளர்கள் சிலர் ‘இது அமெரிக்கர் நடத்துவது’ என்று பலகை மாட்டிய காலத்தைத் தாங்கி நின்றவர்கள் அவர்கள்.

13. நாங்கள் சைவம். பதினைந்து நாள் எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்கலாம், கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். மிசூரி முதல் டெக்சஸ் வரை சாலையோரக் கடைகளில் இறைச்சிதான் முதன்மை. காலை உணவு எளிது: முட்டை சாப்பிடாதவர்களுக்கும் உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டி, ஓட்ஸ் கிடைக்கும். நியூ மெக்சிகோவில் நுழைந்ததும் நாக்குக்கு விடுதலை. அங்கே எதைக் கேட்டாலும் ‘சிவப்பா, பச்சையா?’ என்று மிளகாய்ச் சாற்றைத்தான் முதலில் கேட்பார்கள். அது அம்மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி. இரண்டும் வேண்டுமென்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொல்ல வேண்டும். ஆனால் மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும் பச்சை மிளகாய்ச் சாற்றில் பன்றி இறைச்சியும் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சிகாகோவின் டெவன் அவென்யூவில் அரிசி, பருப்புப்பொடி, ஊறுகாய், தயிர் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். சிறிய மின்குக்கர் ஒன்று இருந்தால் இரவுச் சாப்பாட்டுக் கவலை தீரும். அறையில் தாளிக்க மட்டும் வேண்டாம்; புகை எச்சரிக்கை மணி அடித்தால் விடுதி முழுவதும் எழுந்து வெளியே வரும்.

14. அம்மாவுக்கு எழுபது வயது. வழியில் கோயில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.

இரண்டு முனையிலும் இருக்கிறது. சிகாகோவுக்குத் தென்மேற்கே லெமான்ட் ஊரில் ஒரு பெரிய கோயில், 66 போகும் வழிக்குப் பக்கத்திலேயே. முடிவில் சாண்டா மோனிகாவுக்கு மேற்கே, மலிபு மலைகளுக்கு நடுவே வேங்கடேசுவரர் கோயில். அங்கே தொடங்கி இங்கே முடித்தால் அம்மாவுக்கும் நிறைவாக இருக்கும்.

வயதானவர்களுக்கு இது கடினமான பயணம் இல்லை. நாளுக்கு நான்கைந்து மணி நேர ஓட்டம், அடிக்கடி இறங்கி நடக்கலாம். பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், வெயிலில் காரில் விட்டுவிட வேண்டாம்.

15. கிராண்ட் கேன்யன் 66-இல் இருக்கிறதா?

இல்லை. வில்லியம்ஸிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 மைல். மூன்றாம் கேள்வியில் சொன்ன நாட்களில் ஓர் இரவை இதற்கு ஒதுக்குங்கள். வில்லியம்ஸிலிருந்து ரயிலும் உண்டு. 1901-இல் தொடங்கியது, நடுவில் நின்றுபோய் 1989-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது.

16. எதை விட்டாலும் எதை விடக்கூடாது?

எல்லோரும் டெக்சஸின் அமரில்லோவுக்கு வெளியே மூக்கு மண்ணில் புதைந்து நிற்கும் பத்துக் காடிலாக் கார்களைச் சொல்வார்கள். 1974-இல் கலைஞர்கள் நட்டவை, யார் வேண்டுமானாலும் வண்ணம் தெளிக்கலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும், இருபது நிமிடம் போதும். நான் சொல்பவை வேறு.

மிசிசிப்பி ஆற்றின் மேல் 1929-இல் திறந்த ‘செயின் ஆஃப் ராக்ஸ்’ பாலம் நடு ஆற்றில் வளைந்து திரும்புகிறது. இப்போது நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் மட்டும். காரை இல்லினாய் பக்கம் நிறுத்தி, பொருள் எதையும் கண்ணில் படும்படி விடாமல், மாலையில் நடந்து போங்கள். ஓக்லஹோமாவில் மயாமி ஊருக்குத் தெற்கே ஒன்பதே அடி அகலத்தில் போட்ட பழைய சாலைத் துண்டு இன்னும் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் இருவரும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். அதில் நின்று பார்த்தால்தான் அந்தக் காலத்தில் கலிபோர்னியா எவ்வளவு தொலைவு என்பது உறைக்கும். அதே மாநிலத்தின் கட்டூசாவில் ஒரு குளத்தில் நீல நிறத் திமிங்கிலம் வாய் திறந்து கிடக்கிறது. திமிங்கில பொம்மைகள் சேர்த்த மனைவிக்காகக் கணவர் 1970-களின் தொடக்கத்தில் மண நாள் பரிசாகக் கட்டியது.

ஆனால் ஒன்றே ஒன்று என்றால் ஓட்மன் மலைப்பாதைதான். கிங்மனுக்கு மேற்கே, தடுப்புச் சுவர் அதிகம் இல்லாத கொண்டைஊசி வளைவுகளில் 3,500 அடி உயரத்துக்கு மேல் போய் இறங்கும். பழைய ஃபோர்டு மாடல் டி கார்களில் பெட்ரோலை இழுக்கப் பம்ப் கிடையாது. தொட்டியிலிருந்து தானாக வழிந்துதான் எஞ்சினுக்கு வரும். செங்குத்தான ஏற்றத்தில் வழியாது. அதனால் பலர் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மலை ஏற்றினார்கள், இல்லையென்றால் உள்ளூர்க்காரருக்குக் காசு கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். 1952-இல் மலையைச் சுற்றிப் புதிய வழி வந்ததும் ஓட்மன் ஊர் காலியாயிற்று. தங்கச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வம்சம் இன்றும் தெருவில் திரிகிறது. கார்க் கண்ணாடியை இறக்கினால் தலையை உள்ளே நீட்டும்; உணவு கொடுக்காதீர்கள்.

17. சிறிய ஊர்களில் நம் நிறத்தவருக்குப் பிரச்சினை வராதா?

எனக்கு இரண்டு பயணத்திலும் வரவில்லை. தனியாக அமர்ந்து சாப்பிட்டால் எங்கிருந்து வருகிறீர்கள் என்று பக்கத்து மேசையிலிருந்து பேச்சுக் கொடுப்பார்கள். வழக்கமான எச்சரிக்கைகள் போதும்.

ஆனால் இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள மாட்டேன், ஏனென்றால் இச்சாலையில் அதற்கு உண்மையான வரலாறு இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு கருப்பின மக்கள் இருக்கக் கூடாது என்று விதித்த ஊர்கள் 66 நெடுகிலும் இருந்தன. நியூயார்க்கின் தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்ட ‘கிரீன் புக்’ கையேட்டைப் பார்த்துத்தான் கருப்பினக் குடும்பங்கள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று தெரிந்துகொண்டன. ஓக்லஹோமாவின் லூதர் ஊரில் த்ரெட் குடும்பம் நடத்திய பெட்ரோல் நிலையத்தின் கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. கருப்பினத்தவர் பயமின்றி நிறுத்தக்கூடிய இடமாக அது இருந்தது. நியான் விளக்குகளைப் படம் எடுப்பவர்கள் இங்கேயும் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

18. மொஹாவி பாலைவனப் பகுதி ஆபத்தா?

மதிப்புக் கொடுத்தால் ஆபத்தில்லை. கலிபோர்னியாவின் நீடில்ஸ் ஊரில் தொட்டியை நிரப்புங்கள், ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வையுங்கள், நண்பகலைத் தவிருங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள்.

இங்கே சாலை பழைய மரப்பாலங்களின் மேல் போகிறது. திடீர் வெள்ளத்தில் பாலங்கள் சேதமாகி, சில பகுதிகள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்திருக்கின்றன. சான் பெர்னார்டினோ மாவட்டத்தின் சாலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓட்டவே வேண்டாம். ஆம்பாயில் 1959-இல் வைத்த ‘ராய்ஸ்’ மோட்டல் பலகைக்கு இன்டர்ஸ்டேட் 40-இலிருந்து வேறு வழியாகவும் வரலாம்.

19. வழியில் நேரம் மாறுமாமே?

மூன்று நேர மண்டலங்கள். மேற்கே போகப் போக நமக்கு நேரம் கூடும். குழப்பம் அரிசோனாவில்தான்: நவஹோ பழங்குடியினர் பகுதியைத் தவிர அங்கே கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆகவே கோடையில் அரிசோனா நேரமும் கலிபோர்னியா நேரமும் ஒன்று. குளிர்காலத்தில் நியூ மெக்சிகோவோடு ஒன்று. பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குப் போகும்போது இது முக்கியம், அதன் வாயிலை மாலையில் பூட்டிவிடுவார்கள். 66-இன் துண்டு ஒன்றைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் ஒரே தேசியப் பூங்கா அது. சாலை போன இடத்தில் பழைய தந்திக் கம்பங்களும் துருப்பிடித்த 1932 ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றும் நிற்கின்றன.

20. பழங்குடி ஊர்களுக்குள் போகலாமா? படம் எடுக்கலாமா?

சாலை லகுனா, ஆக்கோமா, ஹுவாலபாய் மக்களின் நிலங்களைத் தொட்டும் கடந்தும் போகிறது. அவை அவர்களுடைய ஆட்சிக்கு உட்பட்டவை, அவர்களுடைய சட்டம் செல்லும். படம் எடுக்கத் தடையோ கட்டணமோ இருக்கலாம். மது கொண்டுபோகத் தடை இருக்கலாம். வீடுகளையும் சடங்குகளையும் கேட்காமல் எடுக்காதீர்கள். நம் வீட்டு வாசலில் ஒருவர் வந்து கேட்காமல் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே போதும்.

21. சாண்டா மோனிகா கடல் மேடையில் ‘பாதையின் முடிவு’ என்று பலகை இருக்கிறதே, அதுதானே கடைசி?

அந்தப் பலகை 2009-இல் வைத்தது. சாலை ஒருபோதும் கடல் மேடை வரை போனதில்லை. 1930-களின் நடுவில் சாண்டா மோனிகாவுக்கு நீட்டிய பிறகு அது முடிந்த இடம் லிங்கன், ஒலிம்பிக் சாலைகள் சந்திக்கும் முனை. அதற்கு முன்பு லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலேயே முடிந்தது. இருந்தாலும் மேடைக்குப் போங்கள். பதினைந்து நாள் ஓட்டி வந்தவர்கள் ஒரு சாதாரணச் சந்திப்பில் நிறுத்திவிட்டுத் திரும்ப முடியாது, கடலைப் பார்த்தாக வேண்டும்.

22. ஒவ்வொருவர் ஒரு வழி சொல்கிறார்கள், நீளமும் ஒத்துப்போகவில்லை. எதுதான் உண்மையான 66?

முதல் பதிலில் 2,448 மைல் என்று சொன்னேன். டெக்சஸின் ஏட்ரியன் ஊரில் நடுப்புள்ளிப் பலகை இருக்கிறது: சிகாகோ 1,139, லாஸ் ஏஞ்சலஸ் 1,139. கூட்டினால் 2,278 மைல்தான். காரணம், சாலை அறுபது ஆண்டுகளில் பல முறை இடம் மாறியது. ஒவ்வொரு முறையும் நேராக்கிச் சுருக்கினார்கள். ஆகவே ஓர் ஊருக்குள் 1926-இன் வழி, 1930-களின் வழி, 1950-களின் வழி என்று இரண்டு மூன்று 66-கள் இருக்கும். வழிகாட்டியில் ஆண்டு போட்டிருப்பார்கள். பழைய வழி ஊருக்குள் நுழையும், புதிய வழி ஓரமாகப் போகும். நேரம் இருந்தால் பழையதில் போங்கள்.

இதில் மிகப் பெரிய மாற்றம் நியூ மெக்சிகோவில் நடந்தது. முதலில் 66 வடக்கே சாண்டா ஃபே வரை ஏறி, பிறகு தெற்கே ஆல்புகர்க்கிக்கு இறங்கியது. 1926 தேர்தலில் தோற்ற ஆளுநர் ஆர்தர் ஹானெட், தன்னைத் தோற்கடித்ததாக அவர் நினைத்த சாண்டா ஃபே அரசியல்வாதிகளின் ஊரைத் தவிர்த்து, பதவி முடிவதற்குள் சாண்டா ரோசாவிலிருந்து நேராக மேற்கே ஒரு சாலை போடச் சொன்னார் என்பது அங்கே இன்றும் சொல்லும் கதை. 1937-இல் 66 அந்த நேர்வழிக்கு மாறியது. இதனால் ஆல்புகர்க்கியில் சென்ட்ரல் அவென்யூவும் நான்காம் தெருவும் சந்திக்கும் முனையில் 66 தன்னைத் தானே குறுக்காக வெட்டுகிறது. வடக்கு-தெற்காக ஓடுவது முதல் வழி, கிழக்கு-மேற்காக ஓடுவது பின்னால் வந்தது. சாண்டா ஃபேயில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை நான்காம் தெரு வழியாக வந்து இந்த முனையில் மேற்கே திரும்புங்கள். ஒரு நாள் கூடுதலாக ஆகும், இரண்டு வழியும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.